ஆயில் குடிக்கும் வண்டியும் ஒரு ஜென் புத்தகமும்

ராபர்ட் பிர்ஸிக்கின் ‘ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்’ புத்தகத்தைப் பாதியில் மூடி வைத்தவர்கள் உலகெங்கும் ஒரு தனிக் கட்சி. நீங்களும் அதில் இருக்கலாம். வெட்கப்பட வேண்டாம். 121 பதிப்பாளர்கள் அதைத் திருப்பி அனுப்பியவர்கள்தான். கடைசியில் 1974-ல் வெளிவந்து லட்சக்கணக்கில் விற்றது. மகனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, 1968-ல் மின்னசோட்டாவிலிருந்து கலிஃபோர்னியா வரை பிர்ஸிக் ஓட்டிப்போன பயணம்தான் கதை. நடுநடுவே தத்துவம். பிர்ஸிக் 2017-ல் காலமானார். அவருடைய 305 சிசி ஹோண்டா சூப்பர் ஹாக் இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சொத்து.

முன்குறிப்பிலேயே ஆசிரியர் உஷாராகிவிடுகிறார். இதற்கும் ஜென் பௌத்தத்துக்கும் பெரிய சம்பந்தமில்லை, மோட்டார்சைக்கிள் பற்றியும் இதை நம்பவேண்டாம் என்கிற தொனியில் ஒரு எச்சரிக்கை. முதல் பாதி சரி. இரண்டாம் பாதி அநியாயத் தன்னடக்கம். ‘குவாலிட்டி’ என்றால் என்ன என்று பிளேட்டோ, அரிஸ்டாட்டிலுடன் மல்லுக்கட்டும் பக்கங்களில் நூறை வெட்டினாலும் குடி முழுகாது. ரிப்பேர் பற்றிய பக்கங்களில் ஒன்றைக்கூடத் தொட மாட்டேன்.

ஏன் என்று காட்ட, புத்தகத்தில் இல்லாத ஒரு கேஸை எடுத்துக்கொள்வோம்.

ஒரு பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் 350. திருவொற்றியூரில் பிறந்தது. இன்ஜின் இறக்கி, ரீபோர் செய்து, புது பிஸ்டன், புது ரிங் போட்டாகிவிட்டது. பெயின்ட் பளபள. ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் சைலன்சரில் நீலப் புகை. ‘வண்டி ஆயில் குடிக்குது சார்’ என்கிறார் பக்கத்துக் கடைக்காரர். ‘எவன்கிட்ட வேலை கொடுத்தீங்க?’ என்கிறார் அடுத்த கடைக்காரர். கொடுத்தது பெரிய தொகை. மெக்கானிக்கோடு பதினைந்து வருஷப் பழக்கம். இரண்டில் எது முதலில் எரியும் என்பதுதான் கேள்வி.

பிர்ஸிக் இங்கே ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறக்கச் சொல்வார். பிரச்னை என்ன, சந்தேகம் என்ன, அதற்குச் சோதனை என்ன, என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறாய், என்ன நடந்தது, அதிலிருந்து என்ன தெரிந்தது. இத்தனையும் தனித்தனியாக எழுத வேண்டும். இதில் முதல் வரிதான் கஷ்டம் என்கிறார். நமக்கு நிச்சயமாகத் தெரிந்ததற்கு மேல் ஒரு சொல்கூட அதில் இருக்கக் கூடாது.

அப்படியானால் ‘இன்ஜின் ஆயிலை எரிக்கிறது’ என்று எழுதக் கூடாது. அது முடிவு. ‘ஆயில் குறைகிறது’ என்பதுதான் விவரம். சொல்லப்போனால் அதுவும் சந்தேகம்தான்!

புல்லட்டில் ஆயில் இருப்பது இன்ஜினுக்குள்ளேயே ஒரு தனி அறையில். ஒரு பம்பு அதை மேலே அனுப்பும். இன்னொரு பம்பு, அடியில் கிராங்க்கேஸில் வந்து சேர்வதை உறிஞ்சித் திரும்ப அறைக்கு அனுப்பும். வண்டி ராத்திரி முழுக்க நின்றால் ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க்கேஸுக்கு இறங்கிவிடும். காலையில் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்க்கிறீர்கள். அளவு குறைச்சல். கால் லிட்டர் ஊற்றுகிறீர்கள். ஸ்டார்ட் செய்ததும் கீழே தேங்கியதெல்லாம் திரும்ப மேலே போகிறது. அறை நிரம்பி வழிகிறது. உபரி எல்லாம் ப்ரீதர் குழாய் வழியாக வெளியே. அடியெல்லாம் எண்ணெய். மறுநாள் காலை மறுபடி டிப்ஸ்டிக். இந்த வண்டி ஆயில் குடிக்கவில்லை. நீங்கள்தான் ஊட்டுகிறீர்கள். ஆயிலை இன்ஜின் ஓடிச் சூடான பிறகு, சமதளத்தில் நிறுத்தி, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பார்க்க வேண்டும். எத்தனை கிலோமீட்டருக்கு எத்தனை மில்லி என்று எழுத வேண்டும். அந்த எண் கையில் இல்லாதவரை மற்றதெல்லாம் அரட்டை.

எண் வந்துவிட்டது, நிஜமாகவே குறைகிறது, வெளியே ஒழுகவும் இல்லை. அடுத்தது புகை. நிறம் மட்டும் போதாது, நேரம்தான் துப்பு. நீலம் என்றால் ஆயில், கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், மழைக்காலக் காலையில் கொஞ்ச நேரம் வெள்ளை என்றால் வெறும் நீராவி. நீலம் எப்போது வருகிறது? ஆக்சிலரேட்டரை முறுக்கி லோடு கொடுக்கும்போது விடாமல் வந்தால் ரிங் அல்லது போர் மேல் சந்தேகம். ஏற்காடு மலையிலிருந்து ஆக்சிலரேட்டரை மூடிக்கொண்டு இறங்கி, கீழே வந்து திறந்ததும் பின்னால் வருபவர் மறைகிற அளவுக்கு ஒரு மேகம் வந்தால், இன்லெட் வால்வு கைடு. மூடிய கார்புரேட்டருக்குப் பின்னால் ஏற்படும் வெற்றிடம், தேய்ந்த கைடு வழியாக ஹெட்டில் இருக்கும் ஆயிலை உறிஞ்சிவிடுகிறது.

காலையில் முதல் கிக்கில் மட்டும் வந்து நின்றுவிட்டால்? இரண்டு பேர் மேல் சந்தேகம். கைடு வழியாக ராத்திரி சொட்டியதாக இருக்கலாம், கிராங்க்கேஸில் தேங்கியதாகவும் இருக்கலாம். பிரிப்பது எப்படி? ஸ்டார்ட் செய்வதற்கு முன் கிராங்க்கேஸ் டிரெயின் பிளக்கைத் திறந்து ஒரு டப்பாவில் பிடியுங்கள். நிறைய வந்தால் ஒரு பதில், சில துளி வந்தால் இன்னொரு பதில். செலவு, ஒரு வாஷர்.

இங்கேதான் பல கெட்டிக்காரர்கள் வழுக்குவார்கள். கம்ப்ரெஷன் கேஜை மாட்டி, ‘ரீடிங் பிரமாதம், ரிங் சூப்பர்’ என்று கையைத் துடைத்துக்கொள்வார்கள். கம்ப்ரெஷன் சொல்வது மேலே இருக்கும் ரிங்குகளைப் பற்றி. ஆயிலை வழிக்கிற வேலை கீழே இருக்கும் ஆயில் ரிங்குடையது. அது ஒழுங்காக உட்காராமலே கம்ப்ரெஷன் நன்றாக இருக்கலாம். தேய்ந்த கைடும் கேஜில் தெரியாது. கேஜ் பொய் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இனி பிர்ஸிக்கோடு என் சண்டை.

புத்தகத்தின் மறக்க முடியாத இடம், அவருடைய வண்டி ஜாம் ஆகி ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் பகுதி. அங்கே பையன்கள் ரேடியோவை அலறவிட்டு, சிரித்துப் பேசி, உளியும் சுத்தியலும் வைத்து டாப்பெட் மூடியைக் கழற்றி, கூலிங் ஃபின்களை உடைக்கிறார்கள். பல தடவை பிரித்து மாட்டியும் தேறவில்லை. கடைசியில் பிர்ஸிக்கே கண்டுபிடிக்கிறார். ஆயில் போகும் வழியில் 25 சென்ட் பெறாத ஒரு சின்னப் பின் அறுந்திருந்தது. வேகத்தில் ஹெட்டுக்கு எண்ணெய் ஏறவில்லை. ஏன் இவர்கள் இப்படி? ரேடியோவும் அந்தச் சிரித்த முகங்களும்தான் துப்பு. வேலையில் மனசு இல்லை, வேடிக்கை பார்ப்பவர்கள் போல இருந்தார்கள் என்று தீர்ப்பு. அவசரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

உளிக்கு மன்னிப்பு கிடையாது. ஆனால் அந்தப் பின்? ரேடியோவை அணைத்துவிட்டு, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு வேலை செய்கிற ஒருவரும் அதைத் தவறவிட்டிருக்கலாம். வண்டிக்கு நோட்டுப் புத்தகம் போட்டவர், மனிதர்களுக்குப் போடவில்லை. நீலப் புகையைப் பார்த்ததுமே ‘ரிங் போச்சு’ என்பவர் செய்யும் அதே தப்பு. ஒரே அறிகுறி, உடனே தீர்ப்பு.

ஆயில் குடிக்கும் புல்லட்டில் நோட்டுப் புத்தகத்தை நேர்மையாக நிரப்பினால், குற்றவாளிகள் பட்டியல் நீளும். இரண்டாவது ரிங்கை, மேல் பக்கம் என்று எழுதியிருப்பதைப் பார்க்காமல் தலைகீழாகப் போட்டால் அது ஆயிலைக் கீழே வழிப்பதற்குப் பதில் மேலே ஏற்றும். அது மெக்கானிக் கணக்கு. போர் போட்டுவிட்டு ஹோனிங்கை அரைகுறையாக விட்டது லேத்காரர் கணக்கு. ‘கைடு இப்ப வேணாம்ப்பா, அப்புறம் பாத்துக்கலாம்’ என்று ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்தது யார்? ‘வெள்ளிக்கிழமை கல்யாணத்துக்குப் போகணும், வியாழக்கிழமை வண்டி வேணும்’ என்றது யார்? புது இன்ஜினாயிற்றே என்று முதல் ஐந்நூறு கிலோமீட்டரை முப்பதில் உருட்டியது யார்? ரிங் சிலிண்டரோடு பழக, அளவான லோடு வேண்டும். கொடுத்து, விட்டு, மறுபடி கொடுத்து ஓட்ட வேண்டும். ரொம்பக் கொஞ்சினால் போர் கண்ணாடி போல வழவழத்துவிடும். அப்புறம் ரிங் உட்காராது. இதெல்லாம் வண்டி ஓனர் கணக்கு. அந்தப் பக்கம் பிர்ஸிக்கின் புத்தகத்தில் கிட்டத்தட்ட காலி.

அதைப் பிற்பாடு நிரப்பியவர் மேத்யூ கிராஃபோர்ட். அரசியல் தத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, வர்ஜீனியாவில் பழைய மோட்டார்சைக்கிள் ரிப்பேர் கடை வைத்தவர். 2009-ல் எழுதிய ‘ஷாப் க்ளாஸ் ஆஸ் சோல்கிராஃப்ட்’டில், ஒரு பழைய ஹோண்டா மேக்னாவின் ஆயில் சீலைத் தோண்டிக்கொண்டே போன கதையைச் சொல்கிறார். ஆர்வம் விடவில்லை. ஆனால் அத்தனை மணி நேரத்துக்கும் வாடிக்கையாளரிடம் காசு கேட்க நியாயமும் இல்லை. இன்ஜினுக்கு உண்மையாக இருப்பதா, ஓனரின் பர்ஸுக்கு உண்மையாக இருப்பதா? பிர்ஸிக்குக்கு இந்தத் தலைவலி கிடையாது. தன் வண்டியைத் தானே பார்த்துக்கொள்பவர் தனக்குத் தானே பில் போடுவதில்லை.

அதனால் பிர்ஸிக்கைப் படிக்க வேண்டாமா? கட்டாயம் படியுங்கள். பாதியில் மூடியவர்கள் மறுபடி திறக்கலாம். தத்துவம் வரும் இடங்களில் வேகமாகப் புரட்டினால் பாவமில்லை. அந்த நோட்டுப் புத்தக உபதேசத்தை மட்டும் அவரை விடக் கறாராகப் பின்பற்றுங்கள். மெக்கானிக்கிடம் போகும்போது ‘நீ பண்ண வேலை புகை தள்ளுதுப்பா’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘இறக்கத்துல இறங்கி முறுக்கினா மட்டும் நீலமா வருது. முந்நூறு கிலோமீட்டருக்கு இவ்வளவு குறையுது. கீழ ஒழுகல’ என்று சொல்லிப் பாருங்கள். முதல் பேச்சுக்கு அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்வார். இரண்டாவது பேச்சுக்குக் கார்புரேட்டரைக் கழற்றி, வால்வை ஆட்டிப் பார்ப்பார்.

ஹெட்டை மட்டும் இறக்கி, கைடு மாற்றி, ஒரு நாளில் முடிகிற வேலையாகவும் இருக்கலாம். அவர் கடையில் பாட்டு ஓடினால் ஓடட்டும்.