எந்த விதிப்படி அவுட்?

கோபிசெட்டிபாளையம் பக்கத்து மின்னொளிக் கபடியில், டாஸ் போடும்போது கேப்டன் அம்பயரிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஏனுங்க, லாபிக்கு டிவி ரூலுங்களா, பழைய ரூலுங்களா?" அனுபவமுள்ள அம்பயர் உடனே ஒன்றைச் சொல்லிவிடுவார். இந்தக் கேள்விக்கு விடை இல்லாமல்தான் 2023 அக்டோபர் 7 அன்று சீனாவின் ஹாங்சோவில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஆண்கள் கபடி இறுதி ஆட்டம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நின்றது.

இந்தியா 28, ஈரான் 28. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் சொச்சம். இந்தியக் கேப்டன் பவன் செராவத் 'டூ ஆர் டை' ரைடுக்கு, அதாவது பாயிண்ட் எடுத்தே ஆகவேண்டிய ரைடுக்கு, போனார். (தமிழ் தலைவாஸ் அணி 2022இல் 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்து, முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு உட்கார்ந்தாரே, அதே பவன்.) எதிரணியில் யாரையும் தொடாமல் லாபிக்குள் கால் வைத்துவிட்டார். ஈரான் வீரர்கள் அவரை மடக்கப் பின்னாலேயே பாய்ந்து லாபிக்குள் வந்தார்கள்.

10 மீட்டர் அகல மேட்டில் இருபுறமும் உள்ள ஒரு மீட்டர் பட்டைதான் லாபி. 'டச்' விழுந்த பிறகே அது ஆடுகளம். அதற்கு முன் கால் வைத்தால், வைத்தவர் அவுட். இதுவரை சிக்கல் இல்லை. தொடாமல் போன ரைடரைத் துரத்தி வந்தவர்கள் கதி என்ன? சர்வதேசக் கூட்டமைப்பின் விதிப்படி அவர்களும் அவுட். 2014இல் தொடங்கிய புரோ கபடி லீக் இதை மாற்றிக்கொண்டது: ரைடர் கால் வைத்த நொடியிலேயே ரைடு முடிந்தது, பின்னால் வந்தவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். ஆக, இந்தியா நான்கு பாயிண்ட் கேட்டது. ஈரான் தங்களுக்கு ஒன்று, அவ்வளவுதான் என்றது. நடுவர்கள் தீர்ப்பை மாற்றி மாற்றிச் சொன்னார்கள். இரு அணிகளும் மேட்டில் உட்கார்ந்துவிட்டன. கடைசியில் பழைய விதி நின்றது, இந்தியா 33-29 என்று தங்கம் வாங்கியது.

தீர்ப்பு சரியா? சரிதான். நடந்தது ஆசிய விளையாட்டுப் போட்டி, லீக் அல்ல. அங்கே செல்லுபடியாகும் புத்தகம் சர்வதேச விதிப்புத்தகம். நம் ஆள் ஜெயித்ததால் சொல்லவில்லை, ஈரான் ரைடர் போயிருந்தாலும் இதே கணக்குத்தான். ஆனால் அந்தத் தீர்ப்புக்கு வந்த வழி மோசம். பெஞ்சிலிருந்து சத்தம் வரும் பக்கமெல்லாம் ஸ்கோர் சாய்ந்தால், சரியான தீர்ப்பும் வாங்கிய தீர்ப்பு மாதிரித்தான் தெரியும். ஈரான்காரர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது.

நடுவர்களுக்கு விதி தெரியவில்லை என்று முடித்துவிடுவது சுலபம். எனக்கு அது ஒப்பவில்லை. ஒரே ஆட்டத்துக்கு இரண்டு விதி புழங்குகிறது. வீரர்கள் லீக் சீசன் முழுவதும் ஒன்றில் ஆடுகிறார்கள், பார்வையாளர் டிவியில் அதையே பார்க்கிறார். இதை ஒழுங்கு செய்யவேண்டிய சங்கமோ வழக்கில் கிடந்தது. 2018இலேயே டெல்லி உயர் நீதிமன்றம் இந்திய அமெச்சூர் கபடிக் கூட்டமைப்புக்கு நிர்வாகியை நியமிக்க வேண்டி வந்தது. கேமராவும் உதவாது. பவன் தொட்டாரா இல்லையா என்பதில் யாருக்கும் சண்டையில்லை. எந்த விதி என்பதில்தான் சண்டை. அதை ரீப்ளே காட்டாது.

அமெரிக்கக் கால்பந்தில், அதாவது என்எஃப்எல்லில், வழி வேறு. 32 அணிகளில் 24 ஒப்புக்கொண்டால்தான் விதி மாறும். மாறியது சீசனுக்கு முன்பே அச்சாகிவிடும். விதியோடு 'இப்படி நடந்தால் இப்படித் தீர்ப்பு' என்ற மாதிரிச் சம்பவங்களையும் கொடுக்கிறார்கள். அங்கேயும் பெரும்பாலான நடுவர்களுக்கு வேறு வேலை உண்டு, நம் ஊர் உடற்கல்வி ஆசிரியர்களைப் போலத்தான். அதற்காக அங்கே எல்லாம் ஒழுங்கு என்று நம்பிவிட வேண்டாம். 2019 ஜனவரியில் செயின்ட்ஸ், ராம்ஸ் ஆட்டத்தில் ஊரறிந்த ஃபவுல் ஒன்றுக்கு விசில் ஊதவில்லை. ஆத்திரத்தில், அந்த வகை ஃபவுலையும் ரீப்ளேயில் பார்க்கலாம் என்று விதி கொண்டுவந்தார்கள். ஒரே சீசன். குழப்பம் கூடியதுதான் மிச்சம், 2020இல் கைவிட்டார்கள். அங்கிருந்து நாம் எடுக்கவேண்டியது கேமராவை அல்ல, அந்த மாதிரிச் சம்பவப் புத்தகத்தை.

நம் ஊர் மண் தரையில் நிலைமை இன்னும் கடினம். மூன்றாவது ஆட்டத்துக்குள் சுண்ணாம்புக் கோடு கால்பட்டு அழிந்துவிடும். லாபிக்கோடு எங்கே இருந்தது என்பதை மிச்சமிருக்கும் வெள்ளைப் பொடியை வைத்து, குனிந்து, குதிகால் தடத்தைப் பார்த்து அம்பயர் முடிவு செய்கிறார். அதில் தவறலாம், தவறுகிறார்கள். ஆனாலும் எந்த விதி என்பதை டாஸிலேயே சொல்லிவிட்டவருடன் சண்டை கோட்டோடு நிற்கிறது, புத்தகம் வரை போவதில்லை. அந்த ஒரு விஷயத்தில் ஹாங்சோவைவிட நம் அம்பயருக்குத்தான் கூடுதல் மதிப்பெண்.

ஆனால் அதை வாயால் சொல்வதோடு விடுகிறோம். போட்டி நோட்டீசில் நுழைவுக் கட்டணம், எடைப் பிரிவு, கோப்பை தருபவர் பெயர் எல்லாம் இருக்கும். அடியில் 'நடுவர் தீர்ப்பே இறுதியானது' என்றும் இருக்கும். லாபிக்கு எந்த விதி என்பதை அந்த வரிக்கு மேலேயே அச்சிட்டுவிடலாம்.