கருனி நினைவகக் காப்பு: ஒரு விமர்சனப் பார்வை

இடையக வழிதல் என்பது, ஒரு நிரல் தனக்கு ஒதுக்கப்பட்ட நினைவிடத்தின் (பஃபர்) எல்லையைத் தாண்டி எழுதுவதாகும். சாதாரண நிரலில் இது நடந்தால் அந்த நிரல் மட்டும் கைமாறும். இயங்குதளத்தின் கருனியில் (கெர்னல்) நடந்தால் கணினி முழுவதும் கைமாறும். இதைத் தடுக்க அடுக்கடுக்கான காப்புகள் உள்ளதாகப் பாடநூல்கள் பட்டியலிடுகின்றன. அவற்றின் உண்மையான வலிமை 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வானாக்ரை தாக்குதலில் தெரிந்தது. சென்னை அருகே ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிசான் ஆலையும், திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் நிர்வாகக் கணினிகள் சிலவும் அதில் சிக்கின.

வானாக்ரை பயன்படுத்திய எட்டர்னல்புளூ, விண்டோசின் கோப்புப் பகிர்வு ஓட்டியில் இருந்த ஒரு கணக்குப் பிழையைச் சார்ந்தது. பெறப்பட்ட பட்டியலின் அளவு 32 பிட் எண். அதைச் சுருக்கி எழுதும்போது ஓட்டி கீழ் 16 பிட்டுகளை மட்டும் மாற்றியது. மேல் பாதி பழையபடியே நின்றது. எனவே 65,536 பைட்டுக்குள் அடங்க வேண்டிய அளவு, அதன் இரு மடங்கை நெருங்கியது. ஒதுக்கிய இடமோ சிறியது. மீதி அடுத்த வீட்டில் வழிந்தது.

அப்போது காப்புகள் என்ன செய்தன? 1998இல் ஸ்டாக்கார்டு அறிமுகப்படுத்திய காப்பு எண் (கேனரி) அடுக்கு நினைவகத்தை மட்டுமே காக்கும். இங்கு வழிந்ததோ கருனியின் பொதுக் குவியலில். முகவரிகளைக் கலைத்து வைக்கும் முறை விண்டோஸ் 7இல் இருந்தது, ஆனால் ஹால் எனப்படும் வன்பொருள் அடுக்கின் குவியல் மட்டும் மாறாத முகவரியில், நிரலை இயக்கும் அனுமதியோடு விடப்பட்டிருந்தது. தாக்குபவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. பழைய எக்ஸ்பியே காரணம் என்று அப்போது பரவலாகச் சொல்லப்பட்டது. அது சரியல்ல: பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பான்மை விண்டோஸ் 7, எக்ஸ்பி கணினிகள் பெரும்பாலும் செயலிழந்து நின்றன.

காப்பு அடுக்குகளைக் கோயில் மதில்களோடு ஒப்பிடுவதுண்டு. திருவண்ணாமலையில் 66 மீட்டர் ராஜகோபுரத்தைக் கடந்தவரும் கருவறையை அடைய இன்னும் சில வாயில்களைத் தாண்ட வேண்டும். இந்த உவமை கருனிக்குப் பொருந்தாது. விண்டோசிலும் லினக்சிலும் கோப்புப் பகிர்வு, வலையமைப்பு எனப் பலவும் கருவறைக்குள்ளேயே, ஒரே அதிகாரத்தோடு இயங்கக்கூடியவை. மதில்கள் வெளியில் மட்டுமே உள்ளன.

லினக்ஸ் தப்பித்துவிட்டது என்றும் கருத இயலாது. 2015இல் தொடங்கிய கருனித் தற்காப்புத் திட்டம் நல்ல பணிகளைச் செய்தது: 4.8 பதிப்பில் பயனர் தரவை நகலெடுக்கும்போது எல்லைச் சோதனை வந்தது, மாறும் நீள அணிகள் 2018க்குள் நீக்கப்பட்டன, ஆபத்தான 'ஸ்ட்ரெல்காப்பி' 6.8இல் வெளியேற்றப்பட்டது. இருந்தும் 2006இல் நெட்ஃபில்டரில் நுழைந்த ஒரு பிழை 2021 வரை கண்டறியப்படவில்லை. எல்லைக்கு வெளியே சில பூச்சிய பைட்டுகளை எழுதினாலே எல்லாக் காப்புகளையும் கடக்க முடியும் என்று அதைக் கண்டறிந்தவர் செய்து காட்டினார்.

இக்காப்புகள் பிழையைத் திருத்துவதில்லை, பிழையைப் பயன்படுத்தும் செலவைக் கூட்டுகின்றன. எல்லையை வன்பொருளே சோதிப்பது வேறு வகை. சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி செயலி சார்ந்த சக்தி-எம்.எஸ். ஆய்வு (2019) ஒவ்வொரு சுட்டியுடனும் அதன் எல்லையையும் சேர்த்துக் கொண்டுசெல்கிறது. தாண்டினால் செயலியே நிறுத்தும். ஆனால் நிரலை மீண்டும் தொகுக்க வேண்டும், நினைவகமும் கூடுதலாகத் தேவை. ஏற்கெனவே மேசையில் இருக்கும் கணினிக்கு அது உதவாது.

அந்தக் கணினிக்கு உதவக்கூடியது இணைப்பு நிரல் மட்டுமே. மைக்ரோசாப்ட் அதை 2017 மார்ச் 14 அன்றே வெளியிட்டது. வானாக்ரைக்கு இன்னும் 59 நாட்கள் இருந்தன.