விடையை மறைக்கத் தெரிந்த செயலி

அச்சிட்ட சதுரங்க நூலில் பக்கத்துக்கு இரண்டு மூன்று பலகைப் படங்கள்தான் இருக்கும். இடையில் வரும் நகர்த்தல்களை நாமே காய்களை வைத்துப் பார்த்தாக வேண்டும். அடைப்புக்குறிக்குள் நீளும் ஒரு கிளைக்குள் நுழைந்துவிட்டால், திரும்பும்போது எந்தக் காய் எங்கே இருந்தது என்பதே மறந்துபோகும். டேப்லெட் செயலிகள் இந்தத் தொல்லையைத் தீர்த்துவிட்டன. எழுத்தில் உள்ள நகர்த்தலைத் தொட்டால் பலகை அந்த நிலைக்கு மாறுகிறது. மூல ஆட்டத்தின் நகர்த்தலைத் தொட்டால் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. குவாலிட்டி செஸ், நியூ இன் செஸ் போன்ற பதிப்பகங்களின் நூல்களை விற்கும் ஃபார்வர்டு செஸ் இந்த வகையில் பெயர் பெற்றது. சிறந்த நகர்த்தலைக் கணக்கிட்டுச் சொல்லும் ஸ்டாக்ஃபிஷ் எஞ்சினும் அதிலேயே இருக்கிறது.

ஆட்டத் தொகுப்புகளை வாசிக்க இதைவிட வசதி கிடையாது. ஆனால் வாசிப்பது வேறு, பயில்வது வேறு. 1921இல் ரிச்சர்ட் ரெட்டி அமைத்த இறுதியாட்டப் புதிரைப் பாருங்கள். வெள்ளை ராஜா எச்8, சிப்பாய் சி6. கறுப்பு ராஜா ஏ6, சிப்பாய் எச்5. வெள்ளை ஆடி டிரா செய்ய வேண்டும். எதிரிச் சிப்பாயைத் துரத்திப் பிடிக்க வழியில்லை. சொந்தச் சிப்பாயைக் கறுப்பு ராஜா இரண்டே நகர்த்தலில் எடுத்துவிடும். ஆனாலும் வெள்ளை ராஜா ஜி7, எஃப்6, இ5 என்று குறுக்காக இறங்கும்போது, ஒவ்வோர் அடியிலும் எதிரிச் சிப்பாயையும் நெருங்குகிறது, தன் சிப்பாயின் துணைக்கும் போகிறது. கறுப்பு ஒன்றைத் தடுத்தால் மற்றது நடந்துவிடும். இதைத் தானாகக் கண்டுபிடிப்பவருக்கு ராஜாவின் நடை பற்றிய பார்வையே மாறும். செயலியிலோ நான்கு தட்டலில் கதை முடிகிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் அந்த நான்கு தட்டலும் வேண்டாம். ஜி7 என்று முதல் வரியிலேயே சொல்லிவிடும்.

காய்களைத் தொடாமல் மனத்திலேயே கணக்கிட்டு, பிறகு நூலாசிரியரின் குறிப்போடு ஒப்பிடுவதுதான் சோவியத் கிராண்ட்மாஸ்டர் அலெக்சாண்டர் கோட்டவ் வலியுறுத்திய பயிற்சி. 2024இல் உலகச் சாம்பியனான குகேஷையும் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா ஆரம்ப ஆண்டுகளில் எஞ்சின் பக்கம் விடவில்லை. எஞ்சின் பொய் சொல்லும் என்பதல்ல காரணம். நாம் யோசிப்பதற்கு முன்னால் அது சொல்லிவிடும் என்பதுதான்.

இதற்கு மாறாக, செஸ்ஸபிள் என்ற பயிற்சித் தளம் விடையை நம்மிடமே கேட்கிறது. நகர்த்தலை நாம் ஆட வேண்டும். தவறினால் சில மணி நேரத்தில் மறுபடி கேட்கும், சரியாக ஆடினால் இடைவெளியை நீட்டிக்கொண்டே போகும். ஓப்பனிங்குக்கு இது கச்சிதம், ஏனென்றால் அங்கே நினைவாற்றலுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் விளக்க நூலை இப்படித் துண்டுபோட்டால் ஆசிரியர் கட்டியெழுப்பும் வாதம் சிதறிவிடும். நகர்த்தல் நினைவில் நிற்கும், ஏன் ஆடினோம் என்பது நிற்காது.

இன்னொரு வகை, பிடிஎஃப் பக்கத்தில் உள்ள பலகைப் படத்தை அடையாளம் கண்டு அந்த நிலையை உயிருள்ள பலகையாக்கித் தரும் செயலிகள். அச்சு மங்கிய பழைய நூல்களில் காய்களைத் தவறாகப் படிப்பதுண்டு. படத்துக்குப் பிந்தைய நகர்த்தல்களையும் பெரும்பாலும் நாமே ஆடிப் பார்க்க வேண்டும். குறை என்று விமர்சகர்கள் எழுதும் இந்தத் தாமதம், பயில்பவருக்கு ஆதாயம்.

காசு கொடுத்து வாங்கிய நூல் யார் கையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மூடிய செயலியில் வாங்கியது அந்தச் செயலிக்குள்ளேதான் கிடக்கும். செஸ்ஸபிள் 2019இல் பிளே மேக்னஸ் குழுமத்திடமும், 2022இல் அதோடு சேர்ந்து செஸ்.காமிடமும் போனது, வாங்கியவர்களை யாரும் கேட்கவில்லை. ஆட்டங்களை எழுத்தாகப் பதியும் பிஜிஎன் கோப்பாக விற்கப்படும் நூலுக்கு இந்தக் கவலை இல்லை. 1993 வாக்கில் உருவான அந்த வடிவத்தை லீசெஸ் தளம் உட்பட ஏறக்குறைய எல்லாச் சதுரங்க மென்பொருளும் திறக்கும். ஆனால் முன்னுரை, புகைப்படம், பக்க அமைப்பு ஆகியவை அதில் தேறுவதில்லை.

ஆகவே எல்லாத் தேவைக்கும் ஒரே செயலியைத் தேடுவது வீண். ஓப்பனிங்குக்குத் திரும்பக் கேட்கும் செயலி, விளக்க ஆட்டங்களுக்குத் தொட்டால் நகரும் மின்னூல், புதிர்களுக்கும் இறுதியாட்டத்துக்கும் வேகத்தைக் குறைக்கும் எதுவாயினும் சரி. வாங்குமுன் இலவச மாதிரி அத்தியாயத்தைத் திறந்து மூன்றைச் சோதியுங்கள்: எஞ்சினை முழுதாக அணைக்க முடிகிறதா? அடுத்த நகர்த்தலை மறைத்துவைக்க வழி இருக்கிறதா? எழுத்தைப் பெரிதாக்கிய பிறகும் பலகை திரையை விட்டு நகராமல் நிற்கிறதா? முதல் இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால், எத்தனை ஆயிரம் நூல்கள் அதில் கிடைத்தாலும் பயிற்சிக்கு அந்தச் செயலி உதவாது.