நாக்கு சொன்ன சாட்சி

நாகூர் தாண்டியதும் வரும் கீழவாஞ்சூரில் இருக்கிறார் சித்தப்பா. தினம் காலையில் சிறுகுறிஞ்சான் இலை மெல்கிறார். மூன்று மாதமாக சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டாராம். எனக்கும் இரண்டு இலை கொடுத்து மெல்லச் சொல்லி, பிறகு ஒரு ஸ்பூன் சர்க்கரை தந்தார். மணலைத் தின்ற மாதிரி இருந்தது. ‘பாத்தியாப்பா, ரத்தத்துலயும் இப்படித்தான் செத்துப்போகும்!’

அது நாக்கு சமாச்சாரம். இலையில் உள்ள ஜிம்னிமிக் அமிலங்கள் இனிப்பை உணரும் இடங்களைக் கொஞ்ச நேரம் மறித்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். ரத்தத்தைப் பற்றி நாக்கு சாட்சி சொல்ல முடியாது.

ரத்தத்தையே பார்த்தவர்கள் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு 1990-ல் வெளியானது. மாத்திரை சாப்பிடும் 22 பேருக்கு, கூடவே இந்த இலைச் சத்து தினம் 400 மில்லிகிராம், 18 முதல் 20 மாதங்கள். சர்க்கரை இறங்கியது. ஐந்து பேரால் மாத்திரையையே விட முடிந்தது. இன்சுலின் போடும் 27 பேரிடமும் பார்த்தார்கள். ஊசியின் அளவு குறைந்தது.

நல்ல சேதிதான். ஆனால் பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை கொடுத்து, யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாமல் வைத்துச் செய்த சோதனை அல்ல அது. இறக்கியது இலையா, அல்லது ‘நம்மைக் கவனிக்கிறார்கள்’ என்று அவர்கள் குறைத்த சாப்பாடா? மெட்ஃபார்மினின் பூர்வீகமும் ஐரோப்பாவின் கலீகா என்ற செடிதான். அதைப் பெரிய சோதனைகளில் நிறுத்திப் பார்த்த பிறகே உலகம் நம்பியது. நம் குறிஞ்சானுக்கும் அந்த மரியாதையைச் செய்யலாமே?

சித்தப்பாவை லேபுக்கு அழைத்துப் போனேன். வெறும் வயிற்றில் 240.

‘மெஷின் சரியில்லப்பா’ என்றார்.