நாட்டுப்புறவியல் முனைவர்பட்டச் சேர்க்கையில் ஆய்வுத் திட்ட வரைவு: ஒரு மதிப்பீடு

நாட்டுப்புறவியலில் முனைவர்பட்ட ஆய்வு மேற்கொள்ள விழையும் மாணவர் விண்ணப்பத்துடன் அளிக்கும் ஆய்வுத் திட்ட வரைவு, பெரும்பாலும் சேர்க்கைக்குரிய சடங்காகவே கருதப்படுகிறது. ஆயின், பின்வரும் ஆண்டுகளில் அம்மாணவர் யாரிடம் செல்வார், எதைக் கேட்பார், எதைக் கேளாமல் விடுவார் என்பவற்றை அவ்வரைவே பெரிதும் தீர்மானித்துவிடுகிறது. எனவே அதன் அமைப்பு திறனாய்வுக்குரியது.

தலைப்பின் வாய்பாடு

ஒரு மாவட்டத்தின் பெயர், ஒரு வகைமையின் பெயர், இறுதியில் ‘ஓர் ஆய்வு’ என்னும் தொடர் ஆகிய மூன்றும் இணைந்ததே வரைவுத் தலைப்புகளில் பழகிப்போன வாய்பாடு. சேகரிப்பே முதற்கடமையாக இருந்த காலத்தில் இதற்கு நியாயம் இருந்தது. நா. வானமாமலை (1917–1980) போன்றோரின் தொகுப்புகள் தமிழில் இத்துறைக்கு அடித்தளமிட்டன. எனினும் அவர் பாடல்களையும் கதைப்பாடல்களையும் சமூக வரலாற்று வினாக்களோடு அணுகியவர். பின்வந்த வரைவுகள் பல, தொகுப்பை ஏற்று வினாவைக் கைவிட்டன. தாலாட்டு, தொழிற்பாடல், ஒப்பாரி எனக் களப்பணிக்கு முன்பே இயல்கள் வகுக்கப்படுகின்றன. அவ்வியல்களை நிரப்புவதற்குரிய கிடங்காகக் களம் சுருங்குகிறது.

கோட்பாடும் களமும்

கோட்பாட்டுப் பகுதியிலும் இக்குறை தொடர்கிறது. விளாதிமிர் பிராப் 1928இல் வெளியிட்ட நூலில் வகுத்த 31 கதைச் செயல்கள் ரஷ்ய மாயக்கதைகளிலிருந்து பெறப்பட்டவை. கொலையுண்டு தெய்வமானோரைப் பற்றிய வில்லுப்பாட்டுக் கதைகளுக்கு அவை பொருந்துமா என வினவாமலேயே ‘பிராப் நெறியில்’ ஆராயப்போவதாக அறிவிப்பது கோட்பாட்டை வெறும் முத்திரையாக்குவதாகும். இதற்கு மாறாக, ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வெளியிட்ட வில்லுப்பாட்டு ஆய்வு, பனுவலைக் கோயில் கொடைவிழாவின் நிகழ்த்துதலோடு சேர்த்தே வாசித்தது. ஒரு கதை எப்பொழுது, எத்தெய்வத்தின் முன் பாடப்படுகிறது என்பதும் அங்கே பொருளின் பகுதியாகிறது.

தமிழகத்திற்கு வெளியே பயில்வோருக்கு இது மேலும் பொருந்தும். கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. அங்குத் தலைமுறைகளாக வாழும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களில், சுரங்க வாழ்வு பற்றிய பாடலும் கதையும் இன்று யாரால், யாருக்கு, எச்சூழலில் சொல்லப்படுகின்றன? இவ்வினாவிலிருந்து தொடங்கும் வரைவு, தொலைவிலுள்ள பூர்விக ஊரின் பாடல்களைத் திரட்டும் வரைவினும் கூர்மையானது. ‘எதுவும் சொல்லப்படுவதில்லை’ என்பதே விடையாயினும் அதுவும் ஆய்வு முடிவே.

தேர்வு முறை

பழி முழுவதையும் மாணவர்மீது சுமத்துதல் தகாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் தேசியத் தகுதித் தேர்வில் நாட்டுப்புற இலக்கியம் தனிப்பாடமாக உள்ளது. எனினும் அதில் திறனை அளப்பவை 150 கொள்குறி வினாக்களே. முனைவர்பட்டச் சேர்க்கைக்கு இத்தேர்வைப் பயன்படுத்தலாம் என 2024இல் அறிவிக்கப்பட்டது. இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறாதோர்க்குத் தேர்வு மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடும் நேர்காணலுக்கு 30 விழுக்காடும் அதில் வகுக்கப்பட்டன. பிராப்பின் நூல் வெளிவந்த ஆண்டை அவ்வினாத்தாள் சோதிக்க இயலும். ஒரு மூதாட்டி பாட மறுக்கும்போது காத்திருக்கத் தெரிந்த மாணவர் யார் என்பதை அதனால் அறிய இயலாது.

ஆகவே அந்த 30 விழுக்காட்டிலேனும், மாணவர் தாமே நேரில் கேட்ட ஒரு பாடலையும், அதைப் பாடியவரையும், பாடிய சூழலையும் குறித்து வினவுதல் வேண்டும். அதற்கு விடை கூற இயலாதவரின் வரைவு, தலைப்பு எத்துணைச் சீராக அமைந்திருப்பினும், இன்னும் எழுதப்படாததே ஆகும்.