அண்மையும் உண்மையும்

மலரை நெருங்கிப் படம்பிடித்தால் மலரைக் கண்டுவிட்டோம் என்று பலரும் எண்ணுகின்றனர். நெருங்குதல் வேறு, காணுதல் வேறு. இவ்வேறுபாட்டை உணர, இருவருடைய படைப்புகளை ஒப்புநோக்குதல் நலம்.

ஜெர்மானியரான கார்ல் பிளாஸ்ஃபெல்ட் 1928-இல் வெளியிட்ட நூலில் 120 தாவரப் படங்கள் உள்ளன. பெர்லினில் கலை மாணவர்க்குப் பாடம் சொல்லும் பொருட்டு, மொட்டையும் தளிரையும் விதையுறையையும் பன்மடங்கு பெருக்கிக் காட்டினார். பின்புலம் முற்றிலும் வெறுமை. சுருண்ட பெரணித் தளிர் இரும்புக் கிராதியின் வேலைப்பாடு போல் தோன்றுகிறது. வடிவம் புலப்படுகிறது, ஆனால் அத்தளிர் எப்பருவத்தில் முளைத்தது, எப்போது வாடியது என்னும் வினாவுக்கு அங்கு இடமில்லை.

அமெரிக்கரான இமோஜன் கன்னிங்காம் (1883–1976) வேறு வழியில் வந்தவர். 1920-களில், மூன்று சிறுவர்களின் தாயாகக் கலிபோர்னியாவின் ஓக்லண்டில் வீட்டோடு இருக்க நேர்ந்தபோது, தோட்டத்துச் செடிகளே அவருக்குக் கருப்பொருளாயின. நம் செண்பகத்தின் இனத்தைச் சேர்ந்த மக்னோலியாவை 1923 முதல் 1925 வரை மீண்டும் மீண்டும் நாடினார். அது எளிய பணியன்று. கருவி நெருங்க நெருங்கத் தெளிவாகப் பதியும் ஆழம் குறுகும். லென்ஸின் துளையைச் சிறிதாக்கினால் ஒளிபட வேண்டிய நேரம் நீளும். அதற்குள் சிறு காற்றும் படத்தைக் கெடுத்துவிடும்.

1925-இல் எடுத்த ‘மக்னோலியா மலர்’ படத்தில் வெண்ணிதழ்கள் சட்டத்தை நிறைத்து விரிகின்றன. நடுவே சூலகமும் மகரந்தத் தாள்களும் நிற்கின்றன. அதே ஆண்டின் ‘அணிகலக் கோபுரம்’ அந்நடுப்பகுதியை இன்னும் நெருங்குகிறது. எனினும் முந்தையதே சிறந்தது என்பேன். இதழின் மென்மை விலகியதும் மலர் கட்டடமாகிவிடுகிறது. பிளாஸ்ஃபெல்டின் இரும்பு மீண்டும் தலைகாட்டுகிறது. கூடுதல் அண்மை கூடுதல் உண்மையைத் தந்துவிடவில்லை.

சிறந்த அப்படத்திற்கும் ஓர் எல்லை உண்டு. மக்னோலியா மலரின் வாழ்வு சில நாள்களே. தாள்கள் உதிரும்; இதழ் பழுப்பேறும்; பின்னர்க் காயிலிருந்து செவ்விதைகள் வெளிப்படும். படம் காட்டுவதோ நிறைவின் ஒரு நாழிகையை மட்டுமே. வாடலை விலக்கிய அழகு பாதி அழகே அன்றோ?

ஆகவே, படக்கருவி வைத்திருக்கும் வாசகர் நூறு மலர்களைத் தேடி அலைய வேண்டுவதில்லை. ஒரே செடியிடம் ஓராண்டு முழுவதும் திரும்பத் திரும்பச் செல்லட்டும். பழுப்பேறிய இதழையும் படம்பிடிக்கட்டும். கன்னிங்காம் மூன்றாண்டு காட்டிய பொறுமையை அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்வது அதுவே.