படியும் பொருளும்

தமிழெழுத்துக் கணினியில் மிகுந்த இடங்கொள்ளும் என்று குறைகூறுவாருளர். இக்கூற்று ஆராயத்தக்கது.

விண்டோஸ் 95 இல் அமைந்த நோட்பேட் என்னும் எழுதுகருவி ஏறத்தாழ 64 கிலோபைற்றுக்கு மேற்பட்ட கோப்பைத் திறவாது. அச்சிறு கலத்தினும் தமிழ் இடர்ப்பட்டதில்லை. அக்காலத்து ஒற்றைப்பைற்று எழுத்துருக்களில் ‘தெரணியகலை’ என்னும் ஊர்ப்பெயர் 9 பைற்றுக்கு மேற்படாது. அதன் ஆங்கில வடிவமோ 12 பைற்று.

பின்னர்ப் பரவிய யூ.டி.எஃப்.-8 முறை 1992 இல் வகுக்கப்பட்டது. பழைய ஆங்கிலக் கோப்புக்கள் மாறாதிருத்தற்பொருட்டு அஃது ஆங்கிலவெழுத்துக்கு ஒரு பைற்றும், தமிழ்க்குறிக்கு மூன்று பைற்றும் விதித்தது. ஆகவே, தெரணியகலை 27 பைற்றாயிற்று. யூ.டி.எஃப்.-16 முறையிலோ தமிழ்வடிவம் 18, ஆங்கிலவடிவம் 24. சொல் மாறவில்லை, அளந்த படியே மாறிற்று.

இஃது ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சியன்று. குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கிலவெழுத்து 160 அடங்கும். தமிழ்க்குறி 70 மட்டுமே. எஞ்சியது மற்றொரு செய்தியாகக் கணிக்கப்படும். கொழும்பிலுள்ள மகனுக்குச் செய்தி விடுக்குந் தோட்டத்துத் தாய், செலவஞ்சி உரோமன் எழுத்தை நாடின் அவரை நோவதெவன்?

குறை மொழியினதன்று; கலத்தினது. கலம் வகுப்பாரிடையே தமிழறிந்தாரும் அமர்தல் வேண்டும். அதற்குரியாரை ஆக்குதல் நங்கல்லூரிகளின் கடனாகும்.